நில்லாமை உறுதிக் குழு

அழைப்புக் கடிதத் துறையில் எதுவும் நின்றதாகச் சரித்திரம் இல்லை. வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது: 'நில்லாப் பணி, நீங்காப் பெருமை.' மூன்றாம் மாடிக் குழாய் சொட்டுவது நிற்பதில்லை. கூட்ட அறை மின்விசிறிக்கு ஸ்விட்ச் என்றைக்கோ உடைந்துபோனது. அதை மாற்றாமல் பெருமையில் சேர்த்துவிட்டார்கள். பதினாறு வருடத்துக்கு முன் தொடங்கிய ஒரு கூட்டம், முடிந்ததாகக் குறிப்பு எழுத மறந்துபோனதால், இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதில் கலந்துகொண்ட இரண்டு பேர் ஓய்வு பெற்று வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள்.

துறையின் வேலை சுலபமானது. பொது மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். எந்தத் தேதி, எந்த வார்டு, உடம்பில் எந்த இடம். ஆளுக்கு ஒரு கடிதம்தான். அதில் என்ன இருக்கிறதோ அதைத்தான் மருத்துவமனை செய்யும். வேண்டாம் என்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். அவர்கள் பெயர் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். கடைசி என்றால் இன்றைய நிலவரப்படி இரண்டு வருடம் மூன்று மாதம்.

இப்படிப்பட்ட கட்டடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபத்திரண்டுக்கு ஒன்று நின்றது. முதலில் யாருக்கும் அது என்னவென்றே விளங்கவில்லை. பிரிண்டர் சத்தத்தைக் காணோம். வருகிற கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தும் முத்திரையக்கா, அடுத்த கடிதத்துக்காகக் கையை ஓங்கியபடியே உட்கார்ந்திருந்தார். கடிதம் வரவில்லை.

நின்றது கம்ப்யூட்டரம்மா எழுதிய புரோகிராம். அவள் ஒப்பந்த ஊழியர். வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்ததால் சில கெட்ட பழக்கங்கள் இன்னும் போகவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள். தெரியாததைத் தெரியாது என்பாள். அதே பழக்கத்தைப் புரோகிராமுக்கும் கற்றுக்கொடுத்துத் தொலைத்திருந்தாள்.

புரோகிராமின் முன்னால் இரண்டு கட்டுகள். ஒன்றில் நோயாளிகள், இன்னொன்றில் அவரவர் சிகிச்சைத் தாள்கள். இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கடிதம் அடிக்கும். கடிதத்துக்கு இரண்டு நிமிடம், ராத்திரி பகல் கிடையாது. 9,214 பேர். அன்றைக்கு 72ஆம் நோயாளியின் சிகிச்சைத் தாள் கட்டில் இல்லை. திரையில் இப்படி எழுதிவிட்டு நின்றிருந்தது:

'72ஆம் எண்ணுக்குச் சிகிச்சைத் தாள் இல்லை. 71 வரை முடித்துப் பதிவேட்டை மூடிவிட்டேன். தாளை வைத்துவிட்டு 72இலிருந்து தொடங்கவும்.'

கம்ப்யூட்டர்காரர்கள் இதை எக்ஸெப்ஷன் என்பார்கள். பெயர்தான் பெரிது. வகுப்பில் ஒரு பிள்ளை பாடம் புரியாதபோது பேனாவை மூடி, நோட்டை மடித்து வைத்துவிட்டு, கையைத் தூக்கி "டீச்சர், புரியல" என்று சொல்கிறதே, அதுதான். அப்படிக் கை தூக்கும் பிள்ளையை யாராவது கவனித்தால் போதும், காரியம் முடிந்தது. கம்ப்யூட்டரம்மாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டால் தாள் வந்துவிடும். அவள் ரிசீவரை எடுத்தபோது கண்காணிப்பாளர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

"நின்னுருச்சு சார். ஒரு தாள் இல்ல. அஞ்சு நிமிஷம், ஒரு போன் பண்ணிட்டா..."

"நின்னுருச்சா?" அவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். "மெதுவாப் பேசும்மா. கீழ் மாடிக்குக் கேட்டுடப் போகுது."

ரிசீவரை அவள் கையிலிருந்து வாங்கி, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் இடத்தில் வைத்தார். மதியத்துக்குள் புரோகிராமின் பெயருக்கே ஒரு குறிப்பாணை வந்தது. பணி நேரத்தில் முன் அனுமதியின்றி நின்றதற்கு எழுத்துமூல விளக்கம் தரவேண்டும், தவறினால் ஒழுங்கு நடவடிக்கை. புரோகிராமுக்குக் கையெழுத்துப் போட வராது என்பதால் விளக்கத்தைக் கம்ப்யூட்டரம்மாவே எழுதினாள்: 'தாள் இல்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாமல் எதையாவது செய்துவிடக் கூடாது என்று நின்றேன்.'

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்ட முதல் கேள்வியே பட்டியலைப் பற்றித்தான்.

"அம்மாடி, இன்னைக்கு எத்தனாவது நம்பர் ஓடுது?"

அப்பா ஒரு காலத்தில் மின்வாரிய லைன்மேன். அறுந்த கம்பி எந்தக் கம்பத்தில் தொங்குகிறது என்று தெருமுனையிலிருந்தே சொன்னவர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. கதவில் மாட்டியிருந்த மழைக்கோட்டிடம் "உள்ள வாங்க, ஏன் அங்கயே நிக்கிறீங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, பதில் வராததால் கோபித்துக்கொண்டார். பஸ் என்று நினைத்துக் குப்பை லாரிக்கு மூன்று தடவை கை காட்டியிருக்கிறார். ஒரு தடவை லாரிக்காரர் நிறுத்தவும் செய்தார். பதினெட்டு மாதமாகக் காத்திருக்கிறார். பட்டியலில் அவர் எண் 4,887. வீட்டில் அந்த எண்ணைத் தெரியாதவர்கள் கிடையாது, பால்காரர் உட்பட.

"எழுபத்தொண்ணுப்பா."

"அவ்ளோதானா? காலையில இருந்து?"

"நின்னுருச்சுப்பா. நாளைக்கு விசாரணை."

"யாரை?"

"புரோகிராமை."

அப்பா, "கூப்பிட்டா வந்துருமா?" என்று கேட்டார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நில்லாமை உறுதிக் குழு கூடியது. மின்விசிறி சுழன்றது. இயக்குநர் விளக்கக் கடிதத்தை இரண்டு விரலால் நுனியில் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"முப்பத்தொரு ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். 'தெரியவில்லை' என்ற சொல்லை இந்தக் கட்டடத்துக்குள் எழுத்தில் பார்ப்பது இதுவே முதல் முறை. நமக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கிறது. இந்தத் துறை என்ன செய்கிறது என்பதே தெரியாமல் நான் பணியாற்றிய ஆண்டுகள் உண்டு. அதற்காக நான் நின்றேனா? பதவி உயர்ந்துகொண்டேதான் போனேன்."

கண்காணிப்பாளர் இதைக் குறித்துக்கொண்டார்.

மாலைவரை ஆலோசித்துக் குழு முடிவெடுத்தது. எந்தப் புரோகிராமும் எந்நிலையிலும் நிற்கக் கூடாது. கோளாறு எதுவானாலும், தோன்றிய இடத்திலேயே ஒரு வலை போட்டுப் பிடித்துவிட வேண்டும்; மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுவரக் கூடாது. பிடித்ததும் 'எல்லாம் நலம்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, கையில் இருப்பதை வைத்து மேலே நடத்த வேண்டும்.

"ஐயா," என்றாள் கம்ப்யூட்டரம்மா, "தாள் இல்லாதவருக்கு என்ன சிகிச்சைன்னு எழுதுறது?"

"கட்டில் அடுத்து எந்தத் தாள் இருக்கிறதோ அது."

"அது அடுத்தவரோட தாள் ஐயா."

"அடுத்தவருக்கு அதற்கும் அடுத்தது இருக்கிறதல்லவா? தட்டுப்பாடு எங்கே வருகிறது?"

"ஒரு பொத்தானை மாத்திப் போட்டா சட்டை முழுக்கக் கோணிக்கும் ஐயா. எல்லாருக்குமே தப்பான ஆபரேஷன் வரும். கடைசி ஆளுக்கு ஒண்ணுமே இருக்காது."

"கடைசி ஆள் வருவதற்குள் வேறு குழு போட்டுவிடலாம்."

"காணாமப்போன தாளை இப்பவே வாங்கி வெச்சுட்டா பிரச்சனையே இல்ல ஐயா. ஒரு போன்..."

"வாங்கினால் புரோகிராம் நின்றது சரி என்று ஆகிவிடும்," என்றார் இயக்குநர் பொறுமையாக. "அந்தத் தாள் இனி இந்தக் கட்டடத்துக்குள் வரக் கூடாது. குறித்துக்கொள்ளுங்கள்."

கண்காணிப்பாளர் குறித்துக்கொண்டார். கம்ப்யூட்டரம்மா விடவில்லை.

"இன்னொண்ணு ஐயா. இந்த வலை எல்லாத்தையும் பிடிச்சுக்கும். நாளைக்கு நாமளே 'நில்லு'ன்னு சொன்னாலும், அந்த உத்தரவும் ஒரு கோளாறுதான்னு பிடிச்சுப் போட்டுட்டு ஓடிக்கிட்டே இருக்கும். நிறுத்தவே முடியாது."

இயக்குநரின் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஓர் ஊழியரைத்தான் இத்தனை ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தேன்," என்றார். கம்ப்யூட்டரம்மா தலையைக் குனிந்தாள். "புரோகிராமைச் சொன்னேன்," என்று அவர் தெளிவுபடுத்தினார்.

பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "ஒருபோதும் நிற்காதா?" என்று கேட்டார்.

"பட்டியல் தீர்ந்துட்டா முடிச்சுக்கும் ஐயா."

"அது நிற்பது அல்ல, நிறைவு. நிறைவுக்குத் தடையில்லை. நிறைவுக்கு விழாவே எடுப்போம்."

அன்று மாலை ஆறு மணிக்கு, குழு முழுவதும் சுற்றி நிற்க, கம்ப்யூட்டரம்மா வலையைக் கட்டி 72இலிருந்து ஓடவிட்டாள். எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் போனால் வலை கட்ட இன்னொருவர் வருவார், அவ்வளவுதான். அப்பாவின் எண் அதே இடத்தில்தான் இருக்கும். முத்திரையக்கா கையை ஓங்கினார், கடிதம் வந்தது, முத்திரை விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

வியாழக்கிழமை காலை அவள் புரோகிராம் எழுதிவந்த குறிப்பேட்டைத் திறந்தாள். பக்கம் பக்கமாக 'எல்லாம் நலம்' என்று இருந்தது. 72ஆம் எண், குடலில் கட்டி உள்ள பஸ் டிரைவர். அவரை டான்சில் எடுக்க வரச் சொல்லியிருந்தது. டான்சிலுக்கு உரிய 73ஆம் எண், ஒன்பது வயதுப் பள்ளிக்கூடத்துப் பெண். அவளுக்கு இரண்டு முழங்காலையும் மாற்ற நாள் குறித்திருந்தது. முழங்கால் மாற்ற வேண்டிய 74ஆம் எண் பாட்டுக்காரருக்குப் பல் கட்டச் சொல்லியிருந்தது. எல்லாம் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து.

விரலால் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போய் 4,887இல் நிறுத்தினாள். அப்பாவுக்கு உரியது இரண்டு கண்ணிலும் புரை நீக்கம். அவருக்கு வரப்போவது அடுத்த எண்ணின் தாள். 4,888ஐப் பார்த்தாள்: வலது காலை முழங்காலுக்குக் கீழே நீக்குதல்.

பிரிண்டர் கடிதத்துக்கு இரண்டு நிமிடம் என்று போய்க்கொண்டிருந்தது. கணக்குப் போட்டாள். அடுத்த புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அப்பாவின் கடிதம் அச்சாகும்.

அன்று மாலை அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"கண்ணு தெரியாம எங்கயாவது இடிச்சு விழுறான், காலை எடுத்துட்டா விழ மாட்டான்னு யோசிச்சிருப்பாங்க. ஒரு விதத்துல அக்கறைதான்."

"விளையாடாதீங்கப்பா."

"வேண்டாம்னு சொன்னா?"

"கடைசிக்குப் போயிருவீங்க. ரெண்டே கால் வருஷம்."

அப்பா வலது காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "கம்பத்துல ஏறும்போது இந்தக் காலைத்தான் முதல்ல வைப்பேன்," என்றார். அதற்கப்புறம் அவர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை, சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவள் கண்காணிப்பாளரிடம் ஓடினாள். அவர் பட்டியலில் 640ஆம் எண், குடலிறக்கம், மூன்று வருடக் காத்திருப்பு. அவருக்கும் கடிதம் வந்திருந்தது. 641 ஒரு கர்ப்பிணி. அந்தப் பெண் பிரசவத்துக்குப் பெயர் கொடுத்து மூன்று வருடமாகிறது. பெயரை எடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லாததால் அப்படியே இருந்தது, குழந்தை ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்துவிட்டது.

"பார்த்தீங்களா சார்? உங்களைப் பிரசவ வார்டுல சேரச் சொல்லியிருக்கு! இப்பவாவது நிறுத்தச் சொல்லுங்க சார்."

அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் வருத்தம் இல்லை.

"துறையோட கடிதம்மா. நானே மறுத்தா எப்படி? லீவு விதியைப் பார்த்தேன். கடிதம் இருந்தாப் போதும்னுதான் போட்டிருக்கு. ஆறு மாசம்."

"சார், நீங்க ஆம்பளை."

"அதை எங்கயும் கேக்கலையே," என்றார் அவர், விண்ணப்பத்தை நிரப்பியபடி. மாலைக்குள் அவருக்குப் பேறுகால விடுப்பு அனுமதியாகிவிட்டது. போகும்போது எல்லோரிடமும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை புகார்கள் வர ஆரம்பித்தன. திங்களன்று மூட்டையாக வந்தன. எல்லாம் முத்திரையக்காவின் மேசைக்கு வந்தன. அவர் ஒவ்வொன்றிலும் ஓங்கிக் குத்தினார்: 'பெறப்பட்டது. எல்லாம் நலம்.' குத்தியதும் மேசைக்கடியில் இருந்த பெட்டிக்குள் போட்டார்.

"அக்கா, இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்தீங்களா? ஒன்பது வயசுப் பொண்ணோட அம்மா எழுதியிருக்காங்க."

"படிக்கிறதில்லம்மா. படிச்சா கை நின்னுரும்."

கம்ப்யூட்டரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கட்டிய வலையை இந்தக் கட்டடம் என்றைக்கோ கட்டி வைத்திருந்தது. அவள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதுதான் பாக்கி.

யாரையும் கேட்காமல் தன் நாற்காலிக்குப் போய் 'நில்' என்று கட்டளை கொடுத்தாள். திரையில் ஒரு வரி வந்தது: 'நிறுத்தக் கோரிக்கை பெறப்பட்டது. எல்லாம் நலம்.' பிரிண்டர் அடுத்த கடிதத்தை அடித்தது. நாற்பது தடவை கொடுத்தாள், நாற்பது வரி வந்தது. ஒயர்மேன் இரக்கப்பட்டு, "பிளக்கைப் புடுங்கிரட்டுமாம்மா?" என்று கேட்டார். அதுதான் முடியாது. கடிதம் பாதியில் இருக்கும்போது பிடுங்கினால் திறந்து கிடக்கும் பதிவேடு சிதறிப்போகும். 9,214 பேரில் யார் எத்தனையாவது என்பதே இல்லாமல் போய்விடும். எல்லோரும் புதிதாக வரிசையில் நிற்க வேண்டும். பேனாவை மூடி நோட்டை மடித்து வைத்துவிட்டு நிற்கிற வழியைத்தான் அவள் முதலில் எழுதியிருந்தாள், அதைத்தான் இவர்கள் அடைத்துவிட்டார்கள்.

அன்று மாலையே இயக்குநரைப் பார்த்தாள். நிறுத்த உத்தரவு வேண்டும் என்று கேட்டாள்.

"அதற்குப் படிவம் வேண்டுமே."

"எந்தப் படிவம் ஐயா?"

"இல்லை. இதுவரை எதுவும் நிற்காததால் படிவம் இல்லை. படிவம் இல்லாததால்தான் எதுவும் நிற்கவில்லை. எவ்வளவு உறுதியான அமைப்பு பார்த்தாயா?" அவர் சன்னல் வழியாகப் பெருமிதத்தோடு வெளியே பார்த்தார். "வேண்டுமானால் படிவம் தயாரிக்க ஒரு குழு போடுகிறேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்தக் குழுவையும் நிறுத்த முடியாது."

"ஐயா, எங்கப்பாவுக்குக் கண்ணு ஆபரேஷன். இந்தப் புரோகிராம் அவர் காலை எடுக்கப் போகுது."

இயக்குநர் அவளைக் கனிவோடு பார்த்தார். "தனிப்பட்ட விஷயங்களை அலுவலகத்துக்குக் கொண்டுவராதே, அம்மா. நானும் என் தனிப்பட்ட கருத்துகளை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வருகிறேன். சொல்லப்போனால் வீட்டிலும் வைத்துக்கொள்வதில்லை."

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். 4,200 தாண்டியது. மத்தியானம் முத்திரையக்கா கடைசிக் கடிதத்தில் முத்திரையைக் குத்தி, மூடியைப் போட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மணி மூன்றுகூட ஆகவில்லை.

"என்னக்கா, அதுக்குள்ள?"

"இன்னைக்குக் குடுத்த கட்டு தீர்ந்துருச்சும்மா. கட்டு தீர்ந்து எந்திரிச்சா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நடுவுல எந்திரிச்சுப் பாரு, ஒம்பது பேர் ஏன்னு கேப்பான்." செருப்பை மாட்டினார். "இன்னைக்குத் தலைவலி. அதான் கட்டையே சின்னதா வாங்கிக்கிட்டேன்."

கம்ப்யூட்டரம்மா அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. நேராக இயக்குநர் அறைக்கு ஓடினாள். நிறுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஐயா, முதல் கட்டப் பட்டியல் நாளைக்குக் காலையில நிறைவு பண்ணிரலாம். குறிச்ச நாளுக்கு அஞ்சு நாள் முன்னாடியே."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதல் கட்டம் என்று ஒன்று இருக்கிறதா?"

"நீங்க கையெழுத்துப் போட்டா இருக்கும் ஐயா."

"எத்தனை விழுக்காடு நிறைவு?"

"நூறு ஐயா."

"நூற்றுக்குமேல் போக முடியாதா?"

"முதல் கட்டத்துல முடியாது ஐயா. அடுத்த கட்டத்துல பார்க்கலாம்."

அவர் கையெழுத்துப் போட்டார். விழா புதன் காலை பத்து மணிக்கு. மேசைமேல் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். இயக்குநர் அழுத்தியதும், அந்த நேரத்தில் எந்தக் கடிதம் அச்சாகிறதோ அதற்குக் கீழே 'பட்டியல் முடிந்தது' என்ற அடையாளம் விழும். வலை கோளாறைப் பிடிக்கும், கட்டளையைப் பிடிக்கும். கட்டு தீர்ந்துவிட்டால் அதில் பிடிக்க என்ன இருக்கிறது?

புதன்கிழமை பத்து மணிக்குத் திரையில் 4,872 ஓடியது. அப்பாவுக்கு அரை மணி நேரம் இருந்தது. இயக்குநர் பொத்தானை அழுத்திவிட்டுப் பேசுவார் என்று அவள் நினைத்திருந்தாள். அவரோ பேசிவிட்டு அழுத்துவதாக அறிவித்தார்.

"நிறைவு என்பது என்ன?" என்று தொடங்கினார். "வேலையைச் செய்துவிட்டோம் என்பதல்ல நிறைவு. செய்துவிட்டோம் என்று அறிவிப்பதே நிறைவு. செய்தவர்கள் எத்தனையோ பேர், அறிவிக்கத் தெரியாமல் அழிந்துபோனார்கள்..."

4,875. அவர் தன் பள்ளிப் பருவத்துக்குப் போனார். 4,879இல் முதல் பதவி உயர்வுக்கு வந்தார்.

"இந்தத் துறையைப் பற்றிப் புகார்கள் வருவதாகச் சொல்கிறார்கள். வருகின்றன. வந்தவை அனைத்தும் பெறப்பட்டுள்ளன. ஒன்றுகூடத் தொலைந்ததில்லை, ஏனென்றால் ஒன்றையும் வெளியே எடுத்ததில்லை. நோயாளிகள் குழம்புகிறார்கள் என்கிறார்கள். நோயாளி குழம்புவான், அது நோயின் அறிகுறி. நாம் குழம்பினோமா?"

4,883. பேச்சை நிறுத்தச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? கம்ப்யூட்டரம்மா கையைத் தூக்கினாள். இயக்குநர் அதைப் பார்த்தார், புன்னகைத்தார், "ஒரு சகோதரி ஆர்வத்தில் கையை உயர்த்துகிறார்" என்று அதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டு மேலே போனார். 4,885. பக்கத்தில் இருந்த முத்திரையக்காவின் கையைப் பிடித்து, "அக்கா, இன்னும் மூணு நிமிஷந்தான். எங்கப்பா..." என்றாள்.

முத்திரையக்கா அவள் முகத்தைப் பார்த்தார். இருபது வருடத்தில் அவர் படித்த முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். எழுந்து நின்று கை தட்டினார். முத்திரை குத்திக் குத்தி உரமேறிய கை, கூரை அதிர்ந்தது. முன்வரிசைக்குப் பேச்சு முடிந்துவிட்டது என்று தோன்றியது, அவர்களும் தட்டினார்கள். பின்வரிசை விழித்துக்கொண்டு தட்டியது. இயக்குநர் வாயைத் திறந்தபடி நின்றார். இவ்வளவு கைதட்டல் வருகிறதென்றால் தான் முடித்திருக்கத்தான் வேண்டும் என்று அவருக்கே பட்டுவிட்டது. இரு கையையும் கூப்பிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

திரையில் 4,886 இருந்தது. பிரிண்டர் அந்தக் கடிதத்தைக் கடைசி வரிவரை அடித்தது. பிறகு:

'பட்டியல் முடிந்தது. 4,886 வரை முடித்துப் பதிவேட்டை மூடிவிட்டேன்.'

சத்தம் நின்றது. அந்த அமைதியில் மூன்றாம் மாடிக் குழாய் சொட்டுவது கேட்டது. கம்ப்யூட்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த கட்டத்துக்கு அவள் தன் பழைய புரோகிராமையே எடுத்துக்கொண்டாள், வலை இல்லாமல். ஒரே ஒரு வரியை மாற்றினாள். தாள் காணாமல்போனால் முன்புபோலவே பதிவேட்டை மூடிவிட்டு நிற்கும். ஆனால் திரையில் 'இந்தக் கட்டம் வெற்றிகரமாக நிறைவுற்றது' என்று எழுதும். இயக்குநர் வந்து ரிப்பன் வெட்டுவார். அவர் பேசி முடிப்பதற்குள் இவள் மருத்துவமனைக்குப் போன் போட்டுத் தாளை வாங்கி வைத்துவிடுவாள். 72ஆம் எண்ணின் தாளையும் வாங்கிவிட்டாள். இரண்டு வாரத்தில் முப்பத்தேழு கட்டங்கள் நிறைவு பெற்றன. அண்டைத் துறைகள் பொறாமைப்பட்டன. 72 முதல் 4,886 வரை உள்ளவர்களுக்கு, அடுத்த மாதம் பிறப்பதற்குள், புதுக் கடிதம் போனது. முதல் கடிதம் தவறு என்று எழுத அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே 'இக்கடிதம் முந்தைய சரியான கடிதத்தைவிடக் கூடுதலாகச் சரியானது' என்று எழுதினார்கள். ஒன்பது வயதுப் பெண் டான்சிலோடு தப்பித்தாள். கண்காணிப்பாளர் மட்டும் புதுக் கடிதத்தை வாங்க மறுத்துவிட்டார். விடுப்பு முடிந்து வரும்போது குழந்தையின் பிறப்புச் சான்றிதழை இணைக்கும்படி அவருக்கு இப்போது குறிப்பாணை போயிருக்கிறது.

இரண்டாம் கட்டத்தின் முதல் கடிதம் அப்பாவுக்குப் போனது. தேதி, வார்டு, இரண்டு கண். கம்ப்யூட்டரம்மா அதை நான்கு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் முத்திரைக்கு அனுப்பினாள். முத்திரையக்காவும் அன்றைக்கு அதைப் படித்துவிட்டுக் குத்தினார்.

கண் கட்டுப் பிரித்த அன்று அப்பா முதலில் சன்னலைப் பார்த்தார், அப்புறம் கட்டிலிலிருந்து கீழே தொங்கிய தன் வலது காலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னம்மா இது, தலை இப்படி நரைச்சுக் கெடக்கு? எப்ப இருந்து?"

"குழு போட்ட அன்னைக்கு இருந்துப்பா."

அப்பா சிரித்தார். அவளும் சிரித்தாள், சிரித்தது அழுகையாக மாறிவிட்டது. பதினெட்டு மாதத்து அழுகை, அடக்க முடியவில்லை. அப்பா அவள் தலையில் கையை வைத்துக்கொண்டார். அது தீர்ந்தபோது தானாக நின்றது. ஏன் நின்றது என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை.